ஒரு கைக்கு இடமிருந்த கல்

அரக்கோணத்தில் ஒரு நீச்சல் குளம். அங்கே வேலைக்குப் பத்தாவது சர்டிபிகேட் கேட்கவில்லை. எனக்கு அந்த வேலைமேல் அவ்வளவு வெறி வந்ததற்கு அதுதான் காரணம். பத்தாவதில் கணக்கு என்னைக் கவிழ்த்தது. மறுபடி எழுதினேன், மறுபடியும் கவிழ்த்தது. அதிலிருந்து திருத்தணி மலையடிவாரத்தில், மொட்டை போட்டு வருகிறவர்களுக்குச் சந்தனம் பூசிவிடுகிற கடையில் நிற்கிறேன். வருகிற தலையைத் தடவிப் பார்த்து, "நல்லா முத்தின தேங்கா சார்" என்பேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவார்கள். நான் அங்கேயே நிற்பேன்.

குளத்து மேனேஜர் சொன்னது இதுதான்: கோடை வகுப்பில் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும், காலையில் நீந்த வருகிறவர்களில் யார் மெட்லியைத் தப்பில்லாமல் முதலில் முடிக்கிறாரோ அவருக்கு வேலை. மெட்லி என்றால் ஒரே ஆள் நான்கு விதமாக நீந்துவது. போக ஒரு விதம், வர ஒரு விதம். முதலில் பட்டர்ஃபிளை, அடுத்து மல்லாந்தபடி பேக் ஸ்ட்ரோக், பிறகு தவளை மாதிரி பிரெஸ்ட் ஸ்ட்ரோக், கடைசியில் ஃப்ரீ ஸ்டைல்.

பேர் கொடுத்தது இரண்டே பேர். நான் ஒருத்தன். இன்னொருத்தன், ஸ்டேஷன் பக்கம் மெக்கானிக் ஷெட்டில் வேலை செய்கிற பாய். என் வயதுதான். அவன் நீந்தக் கற்றதே அந்தக் குளத்தில்தான். நான் பள்ளிப்பட்டில் பாவா நிலத்துக் கிணற்றில் கற்றவன். அக்கா வீட்டுக்காரரை நாங்கள் பாவா என்போம். அந்தக் கிணற்றுச் சுவரில் ஒரே ஒரு கல் நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து குதித்து யார் முதலில் அதைப் பிடிக்கிறானோ அவன் ஜெயித்தான். ஒரு கைக்குத்தான் அதில் இடம். நான் ரொம்ப நாள் அந்தக் கல்லை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

தினமும் விடிந்ததும் ரயில் பிடித்து அரக்கோணம் போனேன். வேகம் இருந்தது, மெட்லி வரவில்லை. பட்டர்ஃபிளையில் கையை மட்டும் வீசி வீசிப் பாதியிலேயே மூச்சு வாங்கினேன். ஒரு கைவீச்சுக்கு இரண்டு உதை என்று பாய்தான் காட்டினான். பேக் ஸ்ட்ரோக்கில் சுவர் தெரியாது. அதற்காகச் சுவருக்குக் கொஞ்சம் முன்னால், தலைக்கு மேலே குறுக்காகச் சின்னச் சின்னக் கொடிகள் தொங்கும் கயிறு கட்டியிருப்பார்கள். அதைப் பார்த்ததும் கைவீச்சை எண்ண வேண்டும் என்றான். "இன்னா பாய், கட்சி மாநாடா?" என்று கேட்டுவிட்டு, மண்டையைச் சுவரில் இடித்துக்கொண்டேன். அப்புறம் எண்ணினேன். எனக்கு ஐந்தாவது வீச்சில் சுவர். தவளை நீச்சலில் உதைத்ததும் உடம்பை நீட்டிச் சும்மா வழுக்கிப் போக வேண்டும் என்பதும் அவன் சொன்னதுதான். கிணற்றில் வழுக்க ஏது இடம்?

எல்லாவற்றையும் கிண்டல் செய்துகொண்டேதான் வாங்கிக்கொண்டேன். ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. அவன் தினமும் சுவருக்குப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, இரண்டு கையாலும் சுவரைத் தொட்டுத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருப்பான். அதையே இருபது தடவை செய்வான்.

"இன்னா பாய், சொவுத்துகிட்ட பொண்ணு கேக்கறியா? இந்தக் கும்பிடு போடற."

"சிரிச்சிகினே இரு. பட்டர்ஃபிளைலயும் பிரெஸ்ட்லயும் ஒரு கை தொட்டா அவுட்டுடா."

"ஆங், தெரியும் தெரியும்."

தெரியும்தான். எனக்குத் தெரிந்தது என் கைக்குத் தெரியவில்லை.

போட்டி அன்று பட்டர்ஃபிளை முடிவில் நினைவாக இரண்டு கையும் வைத்தேன். மல்லாந்து போனபோது ஐந்து எண்ணினேன், மண்டை தப்பியது. தவளை நீச்சலில் பக்கத்து லேனில் பாயின் நீச்சல் தொப்பி எனக்கு ஒரு முழம் முன்னால் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எண்ணிக்கை, வழுக்கல் எல்லாம் போயிற்று. சுவர் வந்தது. தொட்டுத் திரும்பி ஃப்ரீ ஸ்டைலில் பாய்ந்தேன். அவனை எங்கே தாண்டினேன் என்றே தெரியாது.

முடித்துக் கரையேறி உட்கார்ந்தேன். அவன் இன்னும் தண்ணீரில் இருந்தான்.

"பாய், டீ சொல்லட்டா? நீ வர்றதுக்குள்ள ஆறிடும்."

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்க்கரையில், நடுவராக வந்திருந்த ஒரு அம்மா கையைத் தூக்கியபடி நின்றிருந்தார். பாய் லேட்டாக வருவதைக் காட்டத்தான் கை தூக்கினார் என்று நினைத்தேன். அவர் என்னிடம் நடந்து வந்தார்.

"பிரெஸ்ட் ஸ்ட்ரோக் முடிக்கும்போது ஒரு கைதாங்க தொட்டீங்க."

நான்தான் முதலில் வந்தேன், இத்தனை பேர் பார்த்தார்கள் என்று வாதாடினேன்.

"அவங்க உங்களப் பாத்தாங்க. நான் உங்க கையப் பாத்தேன்."

மேனேஜர் பாயைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார்.

பாய் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு என் பக்கம் வந்தான். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் ஸ்டேஷன் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன். அவன் பையை எடுத்துக்கொண்டு போனான். அவன் திட்டியிருந்தால்கூடப் பதில் வைத்திருந்தேன்.

திரும்பி வரும்போது ரயிலில் பார்த்தேன். என் வலது கை ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் பிடிக்கச் சொல்லவில்லை. வீட்டில் நைனா என்ன ஆச்சு என்று கேட்டார். போட்டியே நடக்கவில்லை என்றேன். அவர் நம்பினாரா என்று நான் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போதும் காலையில் போகிறேன். கடைக்குப் போகுமுன் உடம்பு தண்ணீரைக் கேட்கிறது. பாய் கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு கரையில் நடக்கிறான். என்னை முன்னெல்லாம் 'டா' போட்டுத்தான் கூப்பிடுவான். இப்போது மொத்தக் கூட்டத்தையும் பார்த்து ஒரே குரலில் சொல்கிறான்.

"ரெண்டு கையும் ஒண்ணா வெச்சித் தொடுங்க."

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன். உதைத்தேன், நீண்டேன், வழுக்கினேன். இரண்டு கையும் ஒன்றாகச் சுவரில் பட்டன. தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவன் அடுத்த லேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.