நாலாவது நிமிடம்

இதில் ஒரு சொல்கூட என் கைச்சரக்கு இல்லை. நடந்தது என் சித்திக்கு. அம்மாவின் கடைசித் தங்கை. டீசல் எஞ்சின் மெக்கானிக். பேய் என்று யாராவது ஆரம்பித்தால் கொட்டாவி விடுகிற ஆள். வேலைக்குப் போன இடத்தில் எது எத்தனை மணிக்கு நடந்தது என்று சின்ன நோட்டில் குறித்து வைப்பாள். இங்கே வரும் நேரங்கள் எல்லாம் அந்த நோட்டில் இருப்பவை.

கரையிலிருந்து படகில் மூன்று மணி நேரம் போனால் ஒரு தீவு. ஆளே கிடையாது. தென்னைகளுக்கு நடுவே ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடந்த விடுதி. அதைப் புதிதாக வாங்கியவர் திறந்து நடத்த நினைத்தார். ஆனால் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றும் எஞ்சின் ஓடவில்லை. பார்க்கப் போன இரண்டு மெக்கானிக்குகள் பாதி வேலையில் திரும்பி வந்தார்கள். என்ன கேட்டும் வாய் திறக்கவில்லை.

பட்டறை மேஸ்திரி சொன்னார்: "ஆம்பளைங்களே அலறி அடிச்சிட்டு வந்துட்டாங்கம்மா. உனக்கெதுக்கு?"

"அதுக்குத்தான் நான் போறேன்" என்றாள் சித்தி.

காலை 10:40. படகுக்காரர் அவளை இறக்கிவிட்டார். பெரியவர், பேச்சு குறைவு. "அந்தப் பாறைகிட்ட வலை போட்டுட்டு மூணு மணிக்கு வரேன்" என்றார். பையை எடுத்துக் கொடுத்தபோதும் அவர் கால் மணலில் படவில்லை. சித்தி அதைக் கவனித்தாள்.

எஞ்சின் அறை சின்னது. ஒரே கதவு. தரைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி. மூலையில் அதன் இரும்பு மூடி. சித்தி ஃபில்டரைக் கழுவினாள், எண்ணெய் மாற்றினாள், ஹேண்டிலைச் சுற்றினாள். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

11:50. நல்ல சத்தம். சீரான ஓட்டம்.

11:54. நின்றுவிட்டது.

டீசல் இருந்தது. காற்று அடைக்கவில்லை. எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் லீவர் மட்டும் கீழே இறங்கியிருந்தது. அதிர்வில் இறங்கியிருக்கும் என்று நினைத்தாள். லீவரை மேலே தூக்கி, கம்பியால் இறுக்கிக் கட்டினாள்.

12:31க்கு ஓட்டினாள். 12:35க்கு நின்றது. லீவர் கீழே. கட்டிய கம்பி தரையில் கிடந்தது. அறுந்து போகவில்லை. முறுக்கு முறுக்காகப் பிரிக்கப்பட்டிருந்தது...

சித்திக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"யாரு? வம்பு பண்றதா இருந்தா நேர்ல வா" என்றாள் கதவைப் பார்த்து. "வேலையை முடிக்காம நான் போறதா இல்ல."

கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஆள் இல்லை.

1:18. மூன்றாவது முறை ஓட்டினாள். லீவர் சைலன்ஸரை ஒட்டி இருந்ததால் கொதித்தது. தோல் கையுறை போட்டுக்கொண்டு, லீவரை மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

1:20. காலுக்குக் கீழே ஒரு சத்தம்.

டொக்.

குழாயில் காற்று என்று நினைத்தாள்.

டொக்... டொக்...

1:21. அவள் கையின் மேல் இன்னொரு கை.

பார்த்தால் ஒன்றும் இல்லை. ஆனால் ஐந்து விரல்களின் அழுத்தமும் தெரிந்தது. சின்னக் கை. பெண் கை. லீவரையும் அவள் கையையும் சேர்த்துப் பிடித்துக் கீழே அமுக்கியது.

சித்தி விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே தள்ளினாள்.

"உனக்கு ஒரு கைன்னா எனக்கும் ஒரு கை. பாத்துடலாம்."

அந்தக் கை நடுங்கியது. அமுக்கிக்கொண்டே நடுங்கியது.

டொக் டொக் டொக் டொக்...

இப்போது சத்தம் காலுக்குக் கீழே இல்லை. மூலையில். இரும்பு மூடிக்கு அடியில்.

தண்ணீர் ஏற ஏற... சத்தமும் ஏறி வந்திருக்கிறது.

உள்ளே யாரோ.

சித்தி மூச்சை இழுத்துக்கொண்டாள். "நீ சொல்லி நிறுத்தல" என்றாள். "நானா நிறுத்தறேன்."

லீவரை இறக்கினாள்.

1:22.

கை போய்விட்டது. சத்தம் நின்றது.

கடப்பாரையால் மூடியை நெம்பித் திறந்தாள். டார்ச் அடித்தாள். பாதித் தொட்டி தண்ணீர். வேறொன்றும் இல்லை.

நிமிர்ந்தாள்.

மூடியிலிருந்து கதவு வரை... ஈரப் பாதத் தடங்கள்.

ஆண் பாதங்கள். வெளியே மணலில் இறங்கி, படகுத்துறைக்குப் போயிருந்தன.

மூன்று மணிக்குப் படகு வந்தது. திரும்பும் வழியெல்லாம் படகு தாழ்ந்தே ஓடியது. "ரெண்டு பேருக்கு இவ்வளவு கனமா?" என்று படகுக்காரர் ஒரு தடவை முணுமுணுத்தார்.

விடுதிக்காரர் மறுநாள் பட்டறைக்கே வந்து கத்தினார். எஞ்சின் ஹேண்டிலைச் சித்தி கையோடு கொண்டு வந்திருந்தாள். அது இல்லாமல் எஞ்சினை ஓட்ட முடியாது. "தொட்டிக்குள்ள என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, தரேன்" என்றாள். அவர் மேஸ்திரியிடம் முறையிட்டார். மேஸ்திரி கொடுக்கச் சொன்னார். சித்தி கொடுக்கவில்லை. இன்றுவரை கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் படகுக்காரர் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அங்க மொத மொதல்ல மெக்கானிக்கா இருந்தது என் தங்கச்சி வீட்டுக்காரர்" என்றார். "தொட்டி கழுவ உள்ள எறங்கினாரு. யாரோ பாக்காம மூடியைப் போட்டு எஞ்சினை ஓட்டிட்டாங்க. தங்கச்சி சத்தம் கேட்டு ஓடியாந்தா. மூடியைத் தூக்க முடியல. எதை அமுக்கினா எஞ்சின் நிக்கும்னு அவளுக்குத் தெரியல. அவரு உள்ளயே மூழ்கிட்டாரு."

சித்தி மெதுவாகக் கேட்டாள்: "உங்க தங்கச்சி எப்ப தவறினாங்க?"

"தவறலம்மா. என் வீட்லதான் இருக்கா."

அவர் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"நீங்க போன அன்னிக்கு மத்தியானம் துணி மடிச்சிட்டு இருந்திருக்கா. ஒன்னு இருபத்திரண்டுக்குக் கத்தினாளாம். என் சம்சாரம் மணி பாத்திருக்கா. உள்ளங்கையில விரல் தடிமனுக்கு ஒரு சூட்டுக் கோடு. அடுப்புப் பக்கமே போகல."

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் வீட்டுக்குப் போறப்ப கையில கட்டுப் போட்டுட்டு வாசல்ல நின்னா. ஒம்பது வருஷத்துல மொத தடவையா சிரிச்ச முகம். 'பத்திரமா கூட்டிட்டு வந்துட்டியாண்ணே'ன்னு கேட்டா. எனக்கு ஒன்னும் புரியல. இன்னிக்குக் காலைல அவ ரூம் கதவைத் தட்டினேன். பாதி திறந்து, வாயில விரல் வச்சு..."

அவர் தன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

"'சத்தம் போடாதண்ணே. இப்பதான் தூங்கினாரு'ன்னா."