இரண்டாவது ருகூ

சூரிய கிரகணத்துக்கு வாழ்த்துச் சொல்கிற ஊரில் இருக்கிறேன். கனடாவில் நான் வேலை பார்க்கும் கிடங்கில் அன்று காலையிலேயே எல்லோருக்கும் அட்டைக் கண்ணாடி கொடுத்தார்கள், கூடவே ஆளுக்கொரு டோனட். மதியம் பள்ளிவாசலில் கிரகணத் தொழுகைக்குப் போக வேண்டும் என்று மேலாளர் லிண்டாவிடம் அனுமதி கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதே, கொஞ்ச நேரத்தில் சூரியன் திரும்பி வந்துவிடும், செய்தியிலேயே சொன்னார்கள்" என்றாள். சூரியனைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. நான் போனது ஒரு மனிதரைத் தேடி.

அவர் ரஷீத் பாய். ஆவடிக்குப் பக்கத்து அண்ணனூரில் எங்கள் தெருப் பள்ளிவாசலின் செயலாளராக இருந்தவர். மகளோடு தங்க இங்கே வந்திருக்கிறார், எங்கள் பள்ளிக்குத்தான் தொழ வருகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவன் வேஷம் போட்டு எழுத எனக்கு இஷ்டமில்லை. பழி வாங்கத்தான் போனேன்.

என் வாப்பா ராமநாதபுரம் கடற்கரைக்காரர். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை வேலைக்காக வந்து, குவார்ட்டர்ஸில் இருந்து, பிறகு அண்ணனூரில் வீடு கட்டினார். இருபது வருஷம் அந்தப் பள்ளி மைக்கில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னவர். ஒரு மார்கழிக் காலையில் கிரகணம் பிடித்தது. பக்கத்து வீடுகளில் தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மின்சார ரயில்கூடக் காலியாகப் போனது. பள்ளியின் இமாமான ஹஜ்ரத் வெளியூர் போயிருந்ததால் வாப்பாவைத் தொழ வைக்கச் சொன்னார்கள். கடற்கரையில் நாங்கள் ஷாஃபி என்ற சட்டப் பிரிவினர். எங்கள் முறையில் கிரகணத் தொழுகையின் ஒவ்வொரு ரக்அத்துக்கும், அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும், இரண்டு ருகூ. குனிந்து நிமிர்ந்து, மறுபடி நின்று ஓதி, மறுபடி குனிந்து, அதன் பிறகே நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தா. அண்ணனூர்க்காரர்கள் ஹனஃபி என்ற இன்னொரு பிரிவு, அவர்களுக்கு எப்போதும் போல ஒரே ருகூ. இதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று வாப்பாவுக்குத் தோன்றவில்லை. இரண்டாவது தடவை குனிவதற்கு அவர் "அல்லாஹு அக்பர்" என்றதும் பலர் சஜ்தாவுக்குப் போனார்கள், சிலர் பாதியில் எழுந்தார்கள், சிலர் முழித்தார்கள். பையன்கள் சிரித்துவிட்டார்கள்.

சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததுதான் தாமதம், ரஷீத் பாய் எழுந்து கத்தினார். "இன்னா பாய், தொழவே தெரியாம முன்னாடி வந்து நின்னுகினு கீறே? இத்தினி பேரையும் கேணையனாக்கிட்டியே! இனிமே அந்த மைக்க தொட்டே, மருவாதி இருக்காது."

"எங்க முறையில..." என்று ஆரம்பித்தார் வாப்பா. முடிக்க விடவில்லை. நானும் அங்கேதான் நின்றேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு வாப்பா பாங்கு சொல்லவே இல்லை. நேரம் வந்தால் வீட்டு வாசலில் நின்று உதட்டை மட்டும் அசைப்பார். ஒன்றரை வருஷத்தில் மௌத்தானார். ஜனாஸாவுக்குத் தோள் கொடுக்க ரஷீத் பாயும் வந்தார். அவரைப் பிடித்துத் தள்ளாமல் விட்டோமே என்று இன்னமும் எனக்கு ஆத்திரம்.

இங்கே எங்கள் இமாம் சோமாலியாக்காரர், ஷாஃபி. தொழுகைக்கு முன் இரண்டு ருகூ முறையை ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். ரஷீத் பாய்க்கு ஆங்கிலம் பிடிபடாது. தாடி வைத்த என்னை அடையாளம் தெரியாமல் பக்கத்தில்தான் நின்றார். நான் தமிழில் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டேன்.

ஜன்னல்கள் இருண்டன. முதல் ருகூ முடிந்து நிமிர்ந்தோம். அடுத்த "அல்லாஹு அக்பர்" கேட்டதும் வரிசை முழுக்கக் குனிய, அவர் ஒருவர் மட்டும் தரையில் நெற்றி வைத்துக் கிடந்தார். கிரகணத் தொழுகையின் ருகூ நீளமானது. என் நாக்கு இறைவனைத் துதித்துக்கொண்டிருந்தது. மனசு, "கிட, நல்லாக் கிட" என்றது. படைத்தவனுக்கு அஞ்சி நிற்க வேண்டிய நேரத்தில் நான் இனித்துப்போய் நின்றேன்.

தொழுகை முடிந்து இமாம் பேசினார். நபிகளின் மகன் இறந்த அன்று கிரகணம் பிடித்ததாம். குழந்தைக்காகத்தான் சூரியன் இருண்டது என்று ஜனங்கள் பேசினார்களாம். பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தகப்பனே, யார் சாவுக்காகவும் யார் பிறப்புக்காகவும் சூரியன் மறைவதில்லை, அது இறைவனின் அத்தாட்சி, தொழுங்கள், தர்மம் செய்யுங்கள் என்று சொன்னாராம். என் வஞ்சத்துக்காகவே வானம் இருண்டது என்றிருந்த எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை.

"இன்னா பாய், தொழவே தெரியாம வரிசைல நின்னுகினு கீறே?" என்று உரக்கவே கேட்டேன். அருகிலிருந்த பாகிஸ்தானிப் பெரியவர் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். பழைய சிநேகிதர்கள் சந்தித்துக்கொண்டதாக நினைத்திருப்பார்.

ரஷீத் பாய் என்னை உற்றுப் பார்த்தார். "மைதீன் பாய் புள்ளையா நீ? அன்னிக்கும் இதே மாரிதான்ப்பா சஜ்தாவுக்குப் பூட்டேன். மொத வரிசைல நான் ஒருத்தன்தான். பசங்க சிரிச்சது என்னப் பாத்துதான். அந்த வெக்கத்துல உங்கத்தா மேல பாய்ஞ்சிட்டேன். ஹஜ்ரத்து வந்து ரெண்டு மொறையும் சரிதான்னாரு. அப்பாலயும் நான் வாயத் தொறக்கல. மன்னிச்சுக்கோப்பா."

"மன்னிக்க வேண்டியவரு மையவாடிக் குழியில கெடக்காரு. ஊருக்குப் போங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுல அதே மைக்குல இதச் சொல்லுங்க."

"ஊர்ல இப்ப ஊடே இல்லப்பா, வித்துட்டாங்கோ. எனக்கு இனிமே இங்கதான் மண்ணு."

அதனால்தான் நான் எழுதுகிறேன். அண்ணனூரில் இதைப் படிப்பவர்கள் நாலு பேர் கேட்க உரக்கப் படியுங்கள். என் வாப்பாவுக்குத் தொழத் தெரியும்.

மன்னித்துவிட்டாயா என்று மட்டும் கேட்காதீர்கள். இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்குள் நுழைந்ததும் என் கண் அவரைத்தான் தேடுகிறது. "உங்கத்தா பாங்கு சொன்னா ரயிலு கார் ஷெட்டு வரிக்கும் கேக்கும்" என்பார். பக்கத்தில் போய் உட்காருவேன். வாப்பாவின் குரல் எந்த போனிலும் பதிவாகி இல்லை. இந்தக் குளிர் தேசத்தில் அதைக் கேட்ட காது, என்னை விட்டால், அவருடையது ஒன்றுதான்.