வெள்ளிக்கிழமைக் கார் புங்குடுதீவில் புகைத்த கதை

நெடுந்தீவுக்குப் போக இந்த முறை பஸ்ஸை விட்டுவிட்டு அண்ணாவின் காரை நம்பினேன். பங்குனியில் கடல் அடங்கிக் கிடக்கும் என்பதால் ஒரு வெள்ளிக்கிழமை லீவு எடுத்திருந்தேன். குறிகட்டுவான் துறையிலிருந்து காலை ஒன்பது மணிப் படகு, பிற்பகல் திரும்பி வருவது என்பதுதான் திட்டம்.

அண்ணா மெல்பேர்னில் இருக்கிறார். அவருடைய புளியங்கூடல் வீட்டையும் காரையும் ஆறு வருடமாகப் பார்ப்பவர் குணம் அண்ணை. வீட்டின் பின்னறையில்தான் அவரும் மனைவியும் குடியிருக்கிறார்கள். கார் இருபத்தைந்து வயதான ஜப்பான் கார், பெற்றோலைக் கொம்பியூட்டர் அளந்து விடும் வகை. ஒவ்வொரு வெள்ளியும் காலை எட்டு மணிக்கு குணம் அண்ணை அதைக் கழுவி, சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் கொளுத்தி, ஸ்டார்ட் பண்ணுவார். அண்ணா வீடியோவில் வர, போனை எஞ்சினுக்கு மேலே பொனற்றுக்குக் கிட்டப் பிடிப்பார். பத்து நிமிடம் சத்தத்தைக் கேட்டபின் அண்ணாவுக்குச் சாப்பாடு இறங்கும். எங்கள் தீவுகளில் பூட்டிக் கிடக்கும் வெளிநாட்டுக்காரர் வீடுகளில் இதெல்லாம் சாதாரணம்.

ஏழரைக்கு ஸ்டார்ட் பண்ணினேன். பூனை மாதிரி ஓடியது. குணம் அண்ணை முன் சீற்றில் ஏறிக்கொண்டார். “நீர் ஓடும், நான் பக்கத்தில இருக்கிறன். இது நானில்லாமல் ஒரு இடமும் போனதில்லை” என்றார். உண்மையில் அவரோடும் ஒரு இடமும் போனதில்லை. ஓட வேண்டாம் என்பது அண்ணாவின் கட்டளை.

வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குக் கடலுக்கு நடுவே போகும் பாதையில் எஞ்சின் குலுங்கத் தொடங்கியது. மிதித்தால் இருமியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. மடத்துவெளி வரை ஒருமாதிரி இழுத்து வந்து, ஒரு வேப்பமர நிழலில் நிறுத்தினேன். சரியாக எட்டு மணி. குணம் அண்ணையின் போனில் அண்ணாவின் வழக்கமான வெள்ளிக்கிழமை வீடியோ அழைப்பு வந்தது.

எஞ்சினை நிறுத்த முன்பே அண்ணா புகையைப் பார்த்துவிட்டார். “அவன் எனக்குத் தெரியாமல் வாடகைக்கு ஹயர் ஓடியிருக்கிறான். மண்ணெண்ணை கலந்து ஊத்தியிருப்பான். கார்த் திறப்பை வாங்கிச் சித்தப்பாவிட்டக் குடு. வீட்டை விட்டும் போகச் சொல்லு” என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. குணம் அண்ணை தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “தங்கச்சி, கேற்றுக்கு வெளியால நான் ஒருநாளும் கொண்டு போகேல்லை.” எனக்கு அண்ணாமேல் பற்றிக்கொண்டு வந்தது. “அரை மணித்தியாலம் தாங்கோ, பிழை எங்கையெண்டு நானே பாத்துச் சொல்லுறன்” என்று போனை வைத்தேன். படகைவிடப் பெரிய விஷயம் இப்போது இதுதான்.

புகை நீலமென்றால் ஒயில் எரிகிறது. வெள்ளையாக விடாமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. கறுப்பென்றால் பெற்றோல் கூடிப்போனது. இது கறுப்பு. மூக்கைப் பிடித்தது பெற்றோல் வாசம், மண்ணெண்ணெய் அல்ல. ஒயில் மட்டம் சரி. எயார் ஃபில்ரர் சுத்தம். சூடு ஆறவிட்டு டிக்கியிலிருந்த ஸ்பானரால் பிளக்குகளைக் கழற்றினேன். நான்கிலும் ஒரே அளவு கரி. ஒன்றில் மட்டும் என்றால் அந்த சிலிண்டரைச் சந்தேகிக்கலாம். நான்கிலும் என்றால் பிழை பொதுவான இடத்தில்.

“வெள்ளிக்கிழமையில ஒருநாளும் புகைச்சதோ?”

“இல்லைத் தங்கச்சி. பத்து நிமிசம், பிறகு நிப்பாட்டிப்போடுவன்.”

அங்கேதான் பிடிபட்டது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெற்றோல் வேண்டும். சூடானதும் குறைய வேண்டும். இங்கே சூடான பிறகும் குறையவில்லை, பத்து நிமிடத்தில் நிறுத்தினால் அது தெரியவும் வராது. எஞ்சின் சூட்டைக் கொம்பியூட்டருக்குச் சொல்லும் சென்சரின் ஒயர் முனையைப் பார்த்தேன். உப்புக்காற்றில் பச்சையாய்ப் பூத்திருந்தது. பிளக்குகளைத் துடைத்துப் பூட்டி, ஸ்டார்ட் பண்ணி, அந்த ஒயரைக் கழற்றினேன். குலுக்கம் அடங்கியது. இப்படிக் கழற்றினால் இந்தக் கார் எஞ்சின் சூடு என்று தானே எடுத்துக்கொள்ளும். சந்தேகமே இல்லை. நிறுத்தி, மண்தாளால் முனைகளைத் தேய்த்து மாட்டி, திரும்ப ஸ்டார்ட் பண்ணினேன். புகை இல்லை.

அண்ணாவுக்கு எடுத்தேன். “குணம் அண்ணை ஹயர் ஓடியிருந்தால் இருபதாவது நிமிசத்தில புகையைக் கண்டிருப்பார். ஓடாதபடியால்தான் ஒருத்தருக்கும் தெரியேல்லை. நீங்கள் சொன்னதை அவர் அப்பிடியே செய்தவர். உங்கட சொல்லுத்தான் பழுதை மறைச்சது. இனி வெள்ளிக்கிழமையில அவர் ஓடட்டும்.”  “குணத்திட்ட குடு” என்றார் அண்ணா. அண்ணா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. “ஓம்... ஓம்... பரவாயில்லை” மட்டும் கேட்டது. போனைத் திருப்பித் தரும்போது குணம் அண்ணையின் கண் கலங்கியிருந்தது.

ஒன்பது இருபதுக்கு இறங்குதுறைக்குப் போனோம். நெடுந்தீவுப் படகு தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. கவலைப்படவில்லை, வேறு படகில் நயினாதீவுக்கு இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். கோயிலில் அன்னதானச் சாப்பாடு, திரும்பும் வழியில் குணம் அண்ணை ஸ்ரேறிங்கில். முதல் ஐந்து கிலோமீற்றரும் இரண்டாம் கியரிலேயே போனார்.

போகிறவர்களுக்கு: நெடுந்தீவுப் படகு நேரம் மாறும், முதல்நாளே விசாரியுங்கள், துறைக்கு அரை மணித்தியாலம் முந்திப் போங்கள். நெடுநாள் நின்ற காரை எடுப்பதென்றால் முதல்நாள் இருபது கிலோமீற்றராவது ஓடிப் பாருங்கள். நின்ற இடத்தில் கேட்கும் சத்தத்தை நம்ப வேண்டாம். புதிய சென்சர் யாழ்ப்பாணத்தில் 2,800 ரூபாய்க்குக் கிடைத்தது. பூட்ட பத்து நிமிடம்.

அடுத்த வெள்ளி எட்டே காலுக்கு அண்ணா பதறிக்கொண்டு எனக்கு எடுத்தார். “குணம் போன் எடுக்கிறார் இல்லை. மூண்டு தரம் அடிச்சிட்டன். காருக்கு என்ன?”

“ஒண்டுமில்லை அண்ணா. அவர் ஓடிக்கொண்டிருக்கிறார். ஓடேக்க போன் எடுக்கக் கூடாது.”