கேம்ப் ஃபாதர் எடுத்த போன்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஃபாதர் லயத்து வீடுகளுக்கு வந்தால் அது நல்ல சேதியாக இருக்காது. கோயிலில் அவரைப் பார்ப்பது வேறு. எஹலியகொட டவுனிலிருந்து மேடேறி வீட்டுக்கே வருகிறார் என்றால், சாகக் கிடக்கும் யாருக்கோ அவஸ்தை எண்ணெய் பூசத்தான் வருவார், இல்லாவிட்டால் அடக்கத்துக்கு. அதனால், வெளிநாட்டில் அப்பா ஏறி நின்று வேலை செய்ய இரும்புச் சாரம் கட்டும் வேலை பார்த்த எண்ணெய்க் கிணற்றுக் கேம்பிலிருந்து ஒரு ஃபாதர் போன் எடுத்தபோது, அம்மா முழுதாகக் கேட்கவில்லை. "உங்க வீட்டுக்காரர் விஷயமா" என்பது வரைக்கும்தான் கேட்டாள். போன் கீழே விழுந்து அணைந்துபோனது.

அவள் போட்ட சத்தத்தில் லயமே கூடிவிட்டது. மாமா எதிலும் முந்திக்கொள்கிறவர். வெள்ளைத் துணியைக் கிழித்து, ரோட்டோர ரப்பர் மரங்களில் சாவுக் கொடி கட்டத் தொடங்கிவிட்டார். நானும் அழுதேன், பாதி பயத்தில், பாதி எல்லோரும் அழுததால்.

யாரோ போனைச் சரிசெய்ததும் மறுபடி அழைப்பு வந்தது, இந்த முறை வீடியோவில். மலையாளம் கலந்த தமிழில் பேசும் ஒரு ஃபாதர்; பக்கத்தில் தாடியும் மீசையுமாக, உயிரோடு, அப்பா. அப்பாவோடு ஒரே அறையில் இருந்தவர் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனாராம். அன்றிலிருந்து அப்பா யாரோடும் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை, விழாமல் பிடிக்கும் பெல்ட்டை மாட்டாமல் சாரத்தில் ஏறுகிறார் என்றார் ஃபாதர். பெல்ட் மாட்டாததற்கா வீட்டுக்குப் போன் எடுப்பார்கள் என்று நினைத்தேன்.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ஃபாதர விட்டுப் பேசச் சொல்றீங்களா? ஒங்களுக்கு வாயில்லயா? இங்க ஒங்களுக்குக் கொடி கட்டியாச்சு. திங்காம கெடந்து எங்கள என்ன செய்யலாம்னு பாக்குறீங்க?"

அதோடு விடவில்லை. போன வருஷத்துக் கோபத்தையும் சேர்த்துக்கொட்டினாள். ஃபாதர் முன்னால் இப்படியா என்று எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவரோ ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டே நின்றார். கடைசியில் அப்பா வாய் திறந்தார்.

"கொடிய அவுக்கச் சொல்லு."

அப்புறம்தான் அழுதார். அம்மா திட்டுவதை நிறுத்திவிட்டு, சோறு தின்னச் சொன்னாள். அப்பா தலையாட்டினார்.

நான் முழந்தாளிட்டு ஆசீர்வாதத்துக்காகக் காத்திருந்தேன். ஃபாதர் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். ஒரு செபம் இல்லை, ஒரு சிலுவை அடையாளம்கூட இல்லை. அந்த ஃபாதருக்கு அவர் வேலை தெரியாது என்று கோயில் பிள்ளைகளிடம் வெகுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.