ஞாயிற்றுக்கிழமை வாய்த்த முகூர்த்தம்

கல்யாணமாகி நான் கொட்டாரம் ஊருக்கு வந்தபோது என்னோடு ஒரு வேட்டைநாயும் வந்தது. எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்தில் முயல் வேட்டைக்கென்று நாய் வளர்த்தவர். ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக இருந்த அந்தச் செவலைப் பெட்டையைக் குட்டியிலிருந்தே நான்தான் வளர்த்தேன். என் வீட்டுக்காரருக்கு வயலை விட்டால் வேட்டைதான். புகுந்த வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையில் பாதி அந்த நாயால் வந்தது.

அது பருவத்துக்கு வந்ததும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரணியலுக்குப் பக்கத்தில், தேவாலயத்தில் பிரசங்கம் செய்யும் ஓர் உபதேசியார் வீட்டில் உயர்சாதிக் கடுவன் நாய் ஒன்று இருந்தது. மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது அவரிடம் விட்டுப்போனது. அதன் குட்டி நம் வீட்டில் ஓட வேண்டும் என்று இவருக்கு ஆசை.

"இப்பம் கொண்டுபோனா கடுவனுக்கு நிக்காது. ரத்தம் கடுஞ்சிவப்பாட்டுல்லா வருது. வெளுக்கட்டும்" என்றேன்.

"பொம்பிளை பேசுக பேச்சா இது?" என்று வண்டியைப் பூட்டிவிட்டார்.

திரும்பி வந்தார். மாடுகளை அவிழ்த்துக் கட்டிய பிறகுதான் விஷயம் வந்தது. எங்கள் பெட்டை உபதேசியார் நாயின் காதைக் கடித்துக் கிழித்துவிட்டதாம்.

நாயை வைக்கோல் புரையில் அடைத்தேன். ஊர் நாய்கள் எல்லாம் மதிலுக்கு வெளியே வந்து படுத்துக்கொண்டன. கம்பும் கையுமாக அவற்றை விரட்டுவதே எனக்கு வேலையாயிற்று. ஒருநாள் பார்த்தேன். ரத்தம் இறைச்சி கழுவிய தண்ணீர்போல் வெளிறியிருந்தது. இடுப்பைத் தடவினால் வாலை ஒதுக்கிக்கொண்டு அசையாமல் நின்றது.

"இனி போலாம்" என்றேன்.

"நீயும் வா" என்றார் அவர்.

மாமியார் என்னைப் பார்த்து, "பெண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கப் போறவ மாதிரில்லா சேலை உடுத்திருக்கா" என்று சிரித்தார்.

சனிக்கிழமை பொழுது சாயப் போய்ச் சேர்ந்தோம். உபதேசியார் அன்பாகத்தான் வரவேற்றார். ஆனால், "நாளைக்கு ஓய்வுநாள். திங்கக்கிழமை பாத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டார். காது கிழிந்த கணக்கு இருந்ததால் இவரும் தலையாட்டினார். காலையில் உபதேசியார் கூப்பிட்டார் என்று மறுக்க முடியாமல் ஆராதனைக்கும் போனார்.

விருந்துச் சமையலுக்காக உபதேசியாரின் மனைவி மட்டும் வீட்டில் இருந்தார். கலகலப்பான மனுஷி.

"நாளை வரைக்கும் இந்தப் பருவம் நிக்குமா?" என்று கேட்டார்.

"நின்னாலும் நிக்கும். இன்னைக்குன்னா உத்தமம்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். பக்கத்துத் தேவாலயத்தில் பாட்டுத் தொடங்கியிருந்தது. "அவுத்து விடு ஏட்டி. நாய்க்கு எங்க ஞாயித்துக்கிழமை?"

கடுவனோ பயந்துபோய்த் துளசிச்செடிப் பக்கம் ஒதுங்கி நின்றது. கடைசியில் எங்கள் பெட்டைதான் போய் அதன் முன்னால் திரும்பி நின்றது. நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். காரியம் நடந்தது. இரண்டும் பின்னிக்கொண்டன. தானாக விலகும்வரை தொடக்கூடாது. இழுத்தால் இரண்டுக்கும் கேடு. நான் பெட்டையின் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அன்றைக்குப் பார்த்து பிரசங்கம் சீக்கிரம் முடிந்துவிட்டது. சபையார் முற்றத்து வழியாக வரும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் ஓடிப்போய் நெல் உலர்த்தும் பெரிய பாயை எடுத்துவந்தார். ஆளுக்கு ஒரு நுனியைப் பிடித்து நாய்களை மறைத்து நின்றோம்.

"அங்க என்ன செய்யுதிய?" என்றார் உபதேசியார்.

"நெல்லு காயப்போடப் பாய் விரிக்கோம்."

"ஞாயித்துக்கிழமையா?"

அந்த அம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்நேரம் பார்த்துப் பாய்க்குப் பின்னாலிருந்து எங்கள் பெட்டை செல்லமாக முனகியது. கூட்டத்தில் ஒரு கிழவிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துத் தென்னை உச்சியில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். உபதேசியார் வேதப்புத்தகத்தைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார்.

"செரி. முடிஞ்சதும் பாயைச் சுருட்டி வச்சுட்டு வாங்க. சாப்பாடு ஆறுது" என்று உள்ளே போனார்.

கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் அறுப்புச் சமயத்தில் ஏழு குட்டிகள் பிறந்தன. குட்டிகள் பால்குடி மறந்ததும் உபதேசியாரும் மனைவியும் கொட்டாரத்துக்கு வந்தார்கள். அந்த அம்மாள் குட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் மடியில் ஏற்றிப் பார்த்து, கடைசியில் எதுவென்று தேர முடியாமல் இரண்டு குட்டிகளைக் கேட்டார். கொடுத்தோம். வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் ஒரு குட்டி உபதேசியாரின் வெள்ளை ஜிப்பாவை நனைத்துவிட்டது. அவர் அலறியதும் அந்த அம்மாள் சிரித்ததும் எங்கள் வாசல்வரை கேட்டன.