தொடையில் திரித்த கயிறு

இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சா என்ற பகுதியிலிருந்த பழைய மாளிகை மண்டபம் ஒன்றைக் கூட்டித் துடைப்பது யோகாம்பாளின் வேலை. தொண்ணூற்றாறாம் ஆண்டு ஒருநாள், வட அவுஸ்திரேலியாவிலிருந்து லொரேன் என்ற ஆதிக்குடிப் பெண் அங்கே ஊர்ப் பெண்களுக்குப் பை பின்னப் பழக்க வந்தாள். தரையெங்கும் மரப்பட்டை நார்.

"துடைச்ச ஈரம் காயேல்லை, அதுக்குள்ளை குப்பையைக் கொட்டிப்போட்டினம்," என்று யோகாம்பாள் தும்புத்தடியோடு நின்று புறுபுறுத்தாள்.

லொரேனுக்கு இருபத்தைந்து வயதுகூட இராது. பைக்கு முதலில் கயிறு வேண்டும் என்று, இரண்டு நாரைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டினாள். பழக வந்து சுற்றியிருந்த சிஞ்ஞோராக்களுக்கு, அந்த இத்தாலியச் சீமாட்டிகளுக்கு, அது பிடிபடவில்லை.

"இதென்ன பெரிய வித்தையே? முப்பது வரியமாய் விளக்குத்திரி உருட்டிறன்."

யோகாம்பாள் தும்புத்தடியைச் சாத்திவிட்டு வந்து குந்தினாள். முன்னுக்கு ஓர் உருட்டு. கையை எடுத்ததும் நார் பிரிந்து விழுந்தது.

லொரேன் சிரிக்கவில்லை. யோகாம்பாளின் கைமேல் தன் கையை வைத்து முன்னுக்கு உருட்டி, அப்படியே பின்னுக்கு இழுத்தாள். இரண்டு நாரும் தாமாகவே ஒன்றையொன்று சுற்றி இறுகின. யோகாம்பாள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தாள். அறவில்லை.

"நல்லூரானே!" என்று தன் ஊர் முருகனைக் கூப்பிட்டாள்.

பொழுதுபடும்போது அவள் திரித்திருந்தது ஒரு சாண். லொரேன் கொண்டுவந்து சுவரில் தொங்கவிட்டிருந்த பெரிய பையை நிமிர்ந்து பார்த்தாள். அத்தனையும் இதே கயிறு.

எல்லோரும் போனபின் அவள் தும்புத்தடியைத் தொடவில்லை. முழங்காலில் நின்று நார்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினாள். மறந்த குடையை எடுக்க ஒரு சிஞ்ஞோரா திரும்பி வந்தாள்.

"மிதியாதை!" என்று யோகாம்பாள் தமிழிலேயே கத்தினாள்.

சிஞ்ஞோரா ஒற்றைக்காலில் நின்றாள்.