ஐந்து மில்லி சொட்டு மருந்து

போன வருடம் ஐப்பசி மழையில், தியாகதுருகத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

என் ஓரகத்தியைக் கண்டாலே எனக்கு ஆகாது. வெள்ளிமலையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், பன்னிரண்டாவதில் அறிவியல் பிரிவு. நான் பி.காம். ஆனாலும் மாமியாரின் சர்க்கரை ரிப்போர்ட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை அட்டை வரை எல்லாம் அவளிடம்தான் போகும். "சின்னவளைக் கேளு, அவ பாத்துச் சொல்லுவா" என்பார் மாமியார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் மட்டும் என்ன, மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவளா?

அன்று காலை என் மூன்று வயது மகனுக்குக் காய்ச்சல். வழக்கமாக ஐந்து மில்லி கொடுக்கும் சிரப் தீர்ந்திருந்தது. அலமாரியில் ஓரகத்தியின் கைக்குழந்தைக்கு வாங்கிய காய்ச்சல் சொட்டு மருந்து இருந்தது. பெயரும் அதேதான். கைக்குழந்தைக்கே கொடுக்கிறார்கள், வீரியம் கம்மியாகத்தான் இருக்கும் என்று நானே முடிவுகட்டினேன். அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பேனா? சிரப் மூடியில் அதே ஐந்து மில்லி ஊற்றிப் புகட்டிவிட்டேன். மதியம் இரண்டாவது தடவை ஊற்றும்போது அவள் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, இன்னாக்கா பண்றீங்க? இது சொட்டுக்கா!" என்று மூடியைப் பிடுங்கினாள்.

"எனக்கும் படிக்கத் தெரியும், குடுடீ" என்று கத்தினேன்.

அவள் காலி சிரப் பாட்டிலையும் சொட்டு மருந்தையும் பக்கத்தில் வைத்து லேபிளைக் காட்டினாள். "மருந்து ஒண்ணுதாங்க்கா. ஆனா சிரப்புல அஞ்சு மில்லில இருக்கறது, இதுல ஒரு மில்லி சொச்சத்துலயே இருக்கு. நாலு மடங்கு ஜாஸ்தி. காத்தால எவ்ளோ குடுத்தீங்க?"

காலையிலும் அதே ஐந்து மில்லிதான் என்றேன். மழையிலேயே ஆட்டோ பிடித்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒரு தடவையோடு நின்றது நல்லதாயிற்று, நாள் முழுக்க இப்படியே கொடுத்திருந்தால் கல்லீரல் கெட்டு உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர். "யாரும்மா கவனிச்சது?" என்று கேட்டார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், 'நான்தான்' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பிள்ளை என் தோளில் துவண்டு கிடக்கிறான், அப்போதும் அந்தப் பாராட்டு அவளுக்குப் போகக்கூடாதாம் எனக்கு! அவளோ பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவதாங்க" என்றேன்.

பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் யாராவது அவளிடம் மாத்திரை அட்டையை நீட்டினால் வயிறு எரியத்தான் செய்கிறது; ஆனால் வீம்புக்காக அன்று நான் கேட்காமல் விட்ட ஒரு வார்த்தையில் என் பிள்ளையே போயிருப்பான் என்று நினைத்ததும், எரிகிற வயிற்றோடேயே அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் லேபிள் படிக்கக் கற்றுக்கொள்கிறேன்.